நாய் கடிபட்டு வந்தா மஞ்சள் வேணாம்ங்க

குன்னூர் பக்கம் லைன் வீடுகள்ல நாய்ங்க அடிச்சுக்கறது சாதாரணம்தான், ஆனா நம்ம நாய் கடி வாங்கிட்டு வந்ததும் மஞ்சள், காபித்தூள்னு அப்பறாங்க பாருங்க, தயவுசெஞ்சு அது வேணாம். வலியில வளர்த்தவங்களையே கடிக்கும், அதனால துணியால வாயை லேசா கட்டிக்கோங்க, மூச்சு வாங்குச்சுன்னா கட்டவே கூடாது. ரத்தம் கொட்டினா சுத்தமான துணி வச்சு 5 நிமிஷம் அழுத்திப் பிடிங்க, நடுவுல எடுத்து எடுத்து பாக்காதீங்க. நின்னதும் க்ளவுஸ் போட்டு, சுத்தி இருக்கற முடியை வெட்டிட்டு, ஆறவச்ச உப்புத்தண்ணி, அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, நிறைய ஊத்தி கழுவுங்க.

பல்லு இறங்கின ஓட்டை வெளிய சின்னதாத்தான் தெரியும், உள்ள சதை கிழிஞ்சிருக்கும், மேல்தோல் மூடிட்டு உள்ளயே சீழ் கட்டிரும், அதான் அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டணும்னு இவ்ளோ சொல்றேன். பாராசிட்டமால், இபுப்ரொஃபேன் எதுவும் குடுக்காதீங்க, விஷம்.

நாய்க்கு ரேபிஸ் ஊசி முன்னாடியே போட்டிருந்தாலும் பூஸ்டர், அதாவது மறுபடி ஒரு ஊசி, கேளுங்க. உங்க கையில கீறல் இருந்து எச்சில் பட்டுச்சுன்னா சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடற தண்ணில கழுவிட்டு உடனே ஜிஹெச் போங்க. ரேபிஸ் வைத்தியத்துக்குன்னே 1907லயே பாஸ்டர் இன்ஸ்டிடியூட் வந்த ஊருங்க இது, இங்கயே அலட்சியமா இருக்கறத பாத்தா மனசு தாங்கல.