பழிவாங்க வந்த பிரபுவும் ஒரு கிணற்றடியும்

எங்கள் வீட்டு றங்குப்பெட்டியில், பெரியம்மாவின் பட்டுச்சேலைகளுக்குக் கீழே, பதினொரு ஆங்கில நாவல்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் வீரகேசரித் தாளில் உறை. உறையைக் கழற்றினால் அட்டையில் பித்தான் கழன்ற சட்டையோடு ஒரு வெள்ளைக்காரன், அவன் கையில் மயங்கிச் சாய்ந்தபடி ஒரு பெண். பெரியம்மா ஆங்கில ரீச்சர். உறை போட்டது புத்தகம் பழுதாகாமல் இருக்க என்று சொல்லுவார். அப்பப்பாவின் கண்ணில் படாமல் இருக்க என்பது எங்களுக்குத் தெரியும்.

1990களின் தொடக்கம் அது. திருகோணமலையில் இருட்டினால் யாரும் வெளியே தலைகாட்டாத காலம். கரண்ட் வந்தால் வரும். குப்பி விளக்கைச் சுற்றி நாங்கள் ஐந்து பிள்ளைகள் குந்தியிருப்போம். பெரியம்மா ஆங்கிலத்தைக் கண்ணால் படித்துத் தமிழை வாயால் சொல்லுவார். டியூக் என்றால் பெரிய பிரபு, ஏர்ல் என்றால் நடுப் பிரபு, பரன் என்றால் சின்னப் பிரபு. கதை சூடு பிடிக்கும் இடம் வந்தால் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, "பிறகு ரெண்டு பேரும் கனநேரம் கதைச்சுக்கொண்டிருந்தினம்" என்று அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார். பத்து வருடம் கழித்து அதே புத்தகத்தை நானாக எடுத்து வாசித்தபோதுதான் அவர்கள் என்ன கதைத்தார்கள் என்பது தெரிந்தது.

இப்போது நான் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் உறுதி, அதாவது காணிப் பத்திரம், தட்டச்சு செய்கிறேன். பதினெட்டு வருடமாகிறது. மேசை லாச்சியில் எப்போதும் ஒரு ரீஜென்சி நாவல் கிடக்கும். காதல், இரகசியம், பழி என்று அட்டையின் பின்பக்கத்தில் போட்டிருப்பார்கள். நாலாவதாக ஒன்று இருக்கிறது, அதை ஒருவரும் போடுவதில்லை: காணி. பழிவாங்கும் கதை எதை எடுத்தாலும் தோண்டத் தோண்ட அடியில் ஒரு காணிப் பிரச்சினைதான் கிடக்கிறது. என் தொழில்புத்தி என்று நீங்கள் சொன்னாலும் சரி.

வாசிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கிலாந்தின் மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்குப் புத்தி பேதலித்து, மூத்த மகன் அவருக்குப் பதிலாக ஆண்ட காலம்தான் ரீஜென்சி. 1811 தொடக்கம் 1820 வரை, மொத்தம் ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடத்துக்குள் இத்தனை ஆயிரம் நாவலுக்கான கலியாணங்கள் எப்படி நடந்து முடிந்தனவோ. டியூக் பட்டக்காரர்கள், அரச குடும்பத்தை விட்டால், அப்போது முப்பது பேர்கூடத் தேறமாட்டார்கள். என் லாச்சிக்குள் மட்டும் இதுவரை ஒரு நாற்பது டியூக் வந்து போயிருக்கிறார்கள். எல்லோருக்கும் முப்பத்திரண்டு வயது, எல்லோருக்கும் முழுப்பல்.

கதை பெரும்பாலும் ஒரே அச்சுத்தான். ஒருவனின் தகப்பனைச் சீட்டாட்டத்தில் ஏமாற்றி இன்னொருவன் மாளிகையை எழுதி வாங்கிவிடுகிறான். தகப்பன் மனமுடைந்து செத்துப்போகிறான். மகன் கப்பலேறிப் போய், பத்து வருடம் கழித்துப் பணமும் கன்னத்தில் ஒரு தழும்புமாகத் திரும்பி வருகிறான். எதிரியின் கடன் சீட்டுகளையெல்லாம் இரகசியமாக வாங்கிச் சேர்க்கிறான். எதிரிக்கு ஒரு மகள். அவளைக் கட்டி, அவமானப்படுத்தி, வீட்டையும் பிடுங்குவதுதான் திட்டம். மிச்சத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

என் பென்சில் வெளியே வருவது அந்தச் சீட்டாட்ட இடத்தில்தான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெரிய குடும்பங்களின் காணி அநேகமாகக் கட்டுப்போட்டுத்தான் எழுதப்பட்டிருக்கும். இன்றைக்கு மாளிகையில் இருக்கிறவருக்குச் சீவிய உரித்து மட்டும், அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம்; அவருக்குப் பிறகு மூத்த மகனுக்கு. மகன் வயதுக்கு வந்து தானும் கையெழுத்து வைக்காமல் கட்டை அவிழ்க்க முடியாது. ஆகவே தகப்பன் எத்தனை ஆட்டம் தோற்றாலும் தன் சீவியத்துக்கு உள்ளதைத்தான் தோற்கலாம். போதாததற்கு, 1710ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் போட்டு, சூதாட்டக் கடனுக்கு எழுதிக்கொடுத்த பத்திரங்கள் செல்லாது என்று ஆக்கிவிட்டார்கள். வழக்குப் போட்டு அறவிட முடியாத கடன் என்பதால்தான் அது மானக் கடன். தையற்காரன் மாதக்கணக்கில் வாசலில் நிற்பான், சீட்டில் வென்றவனுக்கு உடனே காசு போய்விடும். இது இப்படியிருக்க, விடியப்புறம் மூன்று மணிக்கு, வெறியில், ஒரு துண்டுக் காகிதத்தில் நானூறு வருட மாளிகை கைமாறுகிறது! அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நான் எழுதி வைத்திருப்பது: "உறுதி இலக்கம்? சாட்சி ரெண்டு பேர் எங்கே?"

பழிவாங்கும் பணம் வந்த வழியில் மட்டும் எனக்குக் குறை இல்லை. சண்டைக் காலத்தில் எதிரிக் கப்பலைப் பிடித்தால் பிடித்தவர்களுக்குப் பங்கு உண்டு. மாலுமியும் ஒரே நாளில் காசுக்காரனாகலாம். இதற்கு உண்மையான ஆள் ஒருவரை எங்கள் ஊரிலேயே காட்டலாம். அந்தக் காலத்து நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி சார்ள்ஸ் கடற்படைக்காரர். 1801இல் அப்படிக் கிடைத்த முப்பது பவுண் பங்கில் அக்காமார் இருவருக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகச் சிலுவையும் வாங்கிக் கொடுத்தார். பிடித்த காசையெல்லாம் அக்காமாருக்குச் செலவழித்தால் பிடித்து என்ன பிரயோசனம் என்று ஜேன் ஒரு கடிதத்தில் செல்லமாகக் கடிந்திருக்கிறார். ஜேன் 1817இல் இறந்துவிட்டார். தம்பி ரியர் அட்மிரல் ஆகி, 1852இல் பர்மியச் சண்டையின்போது ஐராவதி ஆற்றில் வாந்திபேதியில் இறந்து, நம்மூர்ச் சேமக்காலையில் அடக்கமானார்.

பெரியம்மா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனபோது எனக்குப் பதினான்கு வயது. முழங்கால் உயரத்துக்குப் புல். "இவரின்ரை அக்கா எழுதினதைத்தான் உலகம் முழுக்கப் படிக்குது" என்றார். எனக்கு அப்போது புல்லுக்குள் பாம்பு இருக்குமோ என்ற யோசனைதான்.

காணிக்கு அடுத்தது கடிதம். இந்தக் கதைகளில் இரகசியம் என்றால் எங்கோ ஒரு கடிதம் பதுங்கியிருக்கும். அங்கே 1840 வரை தபாற்காசைக் கொடுத்தது பெரும்பாலும் கடிதம் வாங்குகிறவர்தான். தூரத்துக்கு ஒரு கணக்கு, தாளுக்கு ஒரு கணக்கு. அதனால் எழுதி முடித்த தாளைக் குறுக்காகத் திருப்பி, எழுதியதன் மேலேயே மறுபடி எழுதுவார்கள். இப்போது கணக்குப் பாருங்கள். பெண்ணுக்கு ஒரு திருட்டுக் கடிதம் வருகிறது. தபாற்காரன் வாசலில் நின்று காசு கேட்கிறான். காசு யாரிடம் இருக்கிறது? அப்பாவிடம். நிச்சயமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொண்டார்கள் என்றாலே ஊர் வாய்க்கு அவல். அப்படியிருக்க, நூறு மைல் தூரத்திலிருந்து காதல் கடிதம் பெண்ணின் தலையணைக்குக் கீழே வந்து சேர்ந்ததென்றால் இடையில் ஒரு வேலைக்காரியோ பணக்கார அத்தையோ இருந்தே ஆகவேண்டும். நல்ல எழுத்தாளர் அந்த வேலைக்காரிக்கு ஒரு பெயரும் ஒரு கோபமும் கொடுப்பார். மோசமான எழுத்தாளர் கடிதத்தைச் சும்மா மேசையில் வைத்துவிடுவார்.

ஒரு நாவலில் டச்சஸ், அதாவது டியூக்கின் மனைவி, சிலோன் ரீ குடித்தாள். 1813இல்! இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டத்தை லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் போட்டதே 1867இல். அந்தப் புத்தகத்தை அன்றோடு மூடினேன். முத்தத்தில் பொய் சொல்லலாம், தேத்தண்ணியில் சொல்லக்கூடாது.

சரி, மகளுக்கு வருவோம். பழி தகப்பன்மேல், ஆனால் தண்டனை ஏன் மகளுக்கு? இதுதான் எனக்கு நெடுநாள் உறுத்தல். அங்கத்தைய சட்டத்தை வாசித்த பிறகு கொஞ்சம் விளங்கியது. அங்கே அப்போது மாளிகை ஆண்வழியில் போனது. பெண்ணுக்கு ஒரு தொகைதான். அந்தத் தொகையும், முன்கூட்டியே தனியாக எழுதி வைத்தாலொழிய, தாலி கட்டின அன்றே — தாலி எங்கே அங்கே, மோதிரம் போட்ட அன்றே — புருஷன் கைக்குப் போய்விடும். 1870இலும் 1882இலும் சட்டங்கள் வந்துதான் அது மாறியது. ஆகவே ஒருவனைப் பழிவாங்க மலிவான வழி அவன் மகளைக் கட்டுவது. இருபத்தொரு வயது ஆகாத பெண்ணுக்குத் தகப்பன் சம்மதம் வேண்டும் என்ற அன்றைய சட்டம் ஸ்கொட்லாந்தில் செல்லவில்லை. எல்லை தாண்டினால் கிரெட்னா கிரீன், ஒரு கொல்லன் முன்னால் கலியாணம். எங்கள் ஊரில் ஓடிப்போனால் தம்பலகாமத்துச் சொந்தக்காரர் வீடுவரைக்கும்தான்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து ஏறுவார். இங்கே அந்தப் பிரபு வந்து மகளைக் கட்டினால் மாமியார் சமைப்பதைச் சாப்பிட்டுக்கொண்டு அவர்கள் வீட்டில் இருக்கவேண்டியதுதான். ஆனால் பழி மகள்மேல் போய் விழுவது மட்டும் இங்கேயும் மாறவில்லை. அதை நான் மேசையில் இருந்தே பார்த்தேன்.

அடையாளம் காட்டாமல் சொல்கிறேன். அறுபது தாண்டிய ஓர் அம்மா. கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் இன்னொரு சொப்பிங் பை, அதற்குள் மடிப்பில் கிழியத் தொடங்கிய பழைய உறுதி. மகளுக்குச் சீதனமாக வீட்டை எழுதவேண்டும். கலியாணம் முடிந்து எட்டு மாதம், உறுதி இன்னும் எழுதவில்லை. மருமகன் ஆடி அமாவாசையன்று கோணேசர் கோவிலில் ஆட்களுக்கு முன்னால் இவரைக் கண்டும் காணாததுபோல் போய்விட்டானாம்.

"கிணத்தடியை மட்டும் விட்டு எழுதேலாதா, பிள்ளை?"

நான் தட்டச்சை நிறுத்திவிட்டேன்.

"அவன் விடிய எழும்பி என்ரை கிணத்திலைதான் குளிக்கிறான். பதினெட்டு வாளி. எண்ணினனான்."

எழுதலாம் என்றேன். நில அளவையாளரைக் கூப்பிட்டுக் கிணற்றடியைப் பிரித்துப் படம் கீறவேண்டும், செலவு வரும் என்றேன். செலவுக்கு ஆயத்தமாகத்தான் வந்திருந்தார். சேலைத் தலைப்பில் முடிந்த காசை அவிழ்த்து மேசையில் வைத்தார். நான் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன். அதை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே உறுதியில் உள்ள எல்லைகளை விரலால் தடவினார். வடக்கே ஒழுங்கை, கிழக்கே தமையனின் வளவு. விரல் மேற்கே வந்து நின்றது.

"அப்ப அவள் தண்ணி அள்ள எங்கை போறது?"

"அடுத்த வளவுக்குத்தான், அன்ரி."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மருமகனுக்கு மட்டும் தண்ணி இல்லை எண்டு எழுதேலாதா?" என்றார். அப்படி எழுத ஒரு படிவமும் இல்லை என்றேன். உறுதியை மறுபடி பைக்குள் வைத்து, அந்தப் பையை மற்றப் பைக்குள் வைத்து, காசையும் முடிந்துகொண்டு போனார். அடுத்த மாதம் திரும்பி வந்தார். கிணற்றோடு சேர்த்துத்தான் எழுதினார். ஆனால் தன் சீவிய உரித்தை விடவில்லை. அதைத் தட்டச்சு செய்யும்போது எனக்குப் பின்னால் நின்று எழுத்தெழுத்தாகப் பார்த்தார்.

என் நாவல்களில் வரும் பிரபுவுக்கு இந்த யோசனை வர இருநூற்றெண்பது பக்கம் பிடிக்கிறது. நடுவில் ஒரு துப்பாக்கிச் சண்டை, ஒரு காய்ச்சல், மழையில் நனைந்த ஒரு சட்டை.

பெரியம்மாவுக்கு இப்போது எண்பத்தி மூன்று. கண் மங்கிவிட்டது. ஞாயிறு பின்னேரங்களில் நான் போய் வாசித்துக் காட்டுகிறேன். அவர் மாதிரியே ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லுகிறேன். போன ஞாயிறு பிரபு ஈட்டு உறுதியை நெருப்பில் போட்டுவிட்டான். உறுதியை எரித்தால் ஈடு போய்விடாது, பதிவு வேண்டும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். "நீ கதையைச் சொல்லு" என்றார். அப்புறம் பிரபு அவளிடம் மன்னிப்புக் கேட்டான், அவள் அழுதாள், கதவைச் சாத்தினார்கள். பக்கத்து அறையில் மருமகப் பிள்ளைகள் கரம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, பிறகு இருவரும் கனநேரம் கதைத்துக்கொண்டிருந்தார்கள் என்றேன்.

பெரியம்மா சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடியபடியே கையை உயர்த்தினார்.

"ரெண்டு தாள் சத்தம் கேட்டது. பின்னுக்குப் போ."