லோட்டே லாசெர்ஷ்டைனின் காகிதங்கள்

2022 பிப்ரவரி 6, ஞாயிறு

பெர்லினில் இந்த வருடம் மாதத்தின் முதல் ஞாயிறு பல அருங்காட்சியகங்களில் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. அந்த ஆசையில்தான் நொய்யே நேஷனல்கேலரிக்குப் போனேன். முகக்கவசத்தால் மூக்குக்கண்ணாடி பனிபிடித்துக்கொண்டே இருந்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்ததில் ஒரே படத்தின் முன் அரைமணி நேரம் ஓடிவிட்டது.

'போட்ஸ்டாம் மீது அந்தி', 1930. மரப்பலகையில் தைல வண்ணம், இரண்டு மீட்டருக்கு மேல் அகலம். மொட்டை மாடியில் ஒரு மேசை, அதைச் சுற்றி ஐந்து பேர், கீழே ஒரு நாய். நடுவில் மஞ்சள் உடையில் ஒரு பெண். சாப்பாடு முடிந்துவிட்டது, பேச்சும் முடிந்துவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. வரப்போகும் கேட்டை ஓவியர் முன்பே உணர்ந்துவிட்டார் என்று இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றுகிறது. அவர் ஜோசியம் பார்க்கவில்லை, நண்பர்களை உட்காரவைத்து வரைந்தார். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் யார் முகமும் அப்படித்தான் ஆகும்.

வரைந்தவர் லோட்டே லாசெர்ஷ்டைன். இதுவரை கேள்விப்படாத பெயர்.

பிப்ரவரி 9, புதன்

மூன்று ராத்திரியாக இவரைப் பற்றித்தான் படிக்கிறேன். பிறந்தது 1898இல், அன்றைய ஜெர்மனியின் கிழக்குப் பிரஷ்யாவில். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். ஓவியப் பள்ளி நடத்திய சித்தி கையில்தான் முதல் பாடம். பெர்லின் கலைக் கழகத்தில் 1921 முதல் 1927 வரை படிப்பு. பெண்களை அங்கே சேர்க்கத் தொடங்கிச் சில வருடங்களே ஆகியிருந்தன. 1931இல் பெர்லின் குர்லிட் கேலரியில் தனிக் கண்காட்சி.

அப்புறம் 1933, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த வருடம். இவர் ஞானஸ்நானம் பெற்றவர், வீட்டிலும் யூத வழிபாடு கிடையாது. ஆனால் தாத்தா பாட்டி நால்வரில் மூவர் யூதர்கள். அரசாங்கக் கணக்கில் 'முக்கால் யூதர்'. கண்காட்சிக்கு இடமில்லை, சங்கத்தில் இடமில்லை. சொந்தமாக நடத்திய ஓவிய வகுப்பையும் 1935இல் மூட வேண்டியதாயிற்று. பிறகு தனியார் யூதப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியை.

முக்கால்! அரிசியை அளக்கிற மாதிரி.

பிப்ரவரி 10, வியாழன்

அவருடைய கடிதங்கள், புகைப்படங்கள், ஆவணங்கள் எல்லாம் பெர்லினிஷே கேலரி என்ற அருங்காட்சியகத்தின் கலைஞர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. என் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். பார்க்க அனுமதி கேட்டு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். நான் ஆராய்ச்சியாளன் இல்லை என்பதையும் உண்மையாகவே எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 17, வியாழன்

இன்று காப்பகத்துக்குப் போனேன். பையை லாக்கரில் வைக்கச் சொன்னார்கள். சட்டைப்பையிலிருந்த பேனாவைப் பார்த்ததும் அங்கிருந்த அம்மாள் சிரித்துக்கொண்டே ஒரு பென்சிலை நீட்டினார். காப்பகத்தில் மை ஆகாது. சாம்பல் நிற அட்டைப்பெட்டிகள், புகைப்படங்களைத் தொட மட்டும் கையுறை.

பெட்டியைத் திறந்தால் சினிமாவில் வருவதுபோல மனசு படபடக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றுமில்லை. வெட்டி வைத்த செய்தித்தாள் துண்டுகள், படங்களின் புகைப்படங்கள், கடிதங்கள். எனக்குத் தெரிந்த ஜெர்மன் அந்தக் கையெழுத்துக்கு ஈடுகொடுக்கவில்லை, பாதிக்கு மேல் வாசிக்க முடியவில்லை. ஆனாலும் ஒன்று புரிந்தது. இவர் எதையும் தூக்கிப் போடுகிற ஆளில்லை.

பிப்ரவரி 18, வெள்ளி

நேற்றிலிருந்து ஒரே யோசனை. இந்தக் குடும்பத்தில் யார் பிழைத்தார்கள் என்பது காகிதத்தைப் பொறுத்ததாக இருந்திருக்கிறது.

1937 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் ஒரு கேலரி லோட்டேயைக் கண்காட்சிக்கு அழைத்தது. அந்தக் காலத்தில் நாட்டைவிட்டுப் போகும் யூதர் கையில் 10 ரைஷ்மார்க்குக்கு (அன்றைய ஜெர்மன் பணம்) மேல் எடுத்துப்போகக் கூடாது. ஆனால் கண்காட்சிக்குப் போகும் சரக்கு என்றால் ஓவியங்கள் எல்லை தாண்டலாம். அந்த இரண்டு மீட்டர் பலகையும் அப்படித்தான் போயிற்று. லோட்டே திரும்பி வரவில்லை. 1938இல் ஸ்வென் மார்கஸ் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். குடும்பம் நடத்துவதற்காக அல்ல, ஸ்வீடன் குடியுரிமைக்காக.

அம்மா மேட்டாவையும் தங்கை கேட்டேயையும் வரவழைக்க எவ்வளவோ முயன்றும் அனுமதி கிடைக்கவில்லை. அம்மா 1943இல் ராவென்ஸ்ப்ரூக் நாஜி வதைமுகாமில் இறந்தார். தங்கை பெர்லினிலேயே தலைமறைவாக இருந்தார். பதிவு கிடையாது, ரேஷன் கார்டு கிடையாது. எந்தப் பட்டியலிலும் இல்லாமல் இருந்ததால்தான் உயிர் தப்பினார்.

இன்று வேறெதுவும் எழுத ஓடவில்லை.

பிப்ரவரி 22, செவ்வாய்

லோட்டேயின் மாடலும் நெருங்கிய தோழியும் ட்ராவ்டே ரோசே. 1920களின் பல படங்களில் இருப்பவர் இவர்தான். போருக்குப் பிறகு லோட்டே இவருக்கு எழுதிய கடிதம் ஒன்று அச்சிலும் வந்திருக்கிறது. குடும்பம், நண்பர்கள், ஊர் எல்லாம் பறிபோன அந்த வருடங்களை, தன் நிஜத்தை வண்ணப்பெட்டிக்குள் வைத்திருந்ததால்தான் கடக்க முடிந்தது என்கிற மாதிரி எழுதியிருக்கிறார்.

ஸ்வீடனில் அந்தப் பெட்டி சோறும் போட்டது. வீட்டுக்காரர்கள், குழந்தைகள், பிரமுகர்கள் என்று கேட்டவர்களையெல்லாம் வரைந்தார். 1950களில் கால்மர் என்ற சிறிய ஊரில் குடியேறினார். மொத்தம் சுமார் 10,000 படைப்புகள் என்கிறார்கள். எல்லாம் அந்த 1930 படம்போல இல்லை, வாடகைக்காக வரைந்தவை பார்த்தாலே தெரிகின்றன. அதில் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை.

வெளியுலகம் அவரை மறந்துவிட்டது. 1987இல் லண்டனில் கண்காட்சி நடந்தபோது அவருக்கு எண்பத்தெட்டு வயது. 1993இல் கால்மரில் இறந்தார். பெர்லினில் பெரிய கண்காட்சி 2003இல்தான். அந்தி ஓவியத்தை நேஷனல்கேலரி வாங்கியது 2010இல்.

மார்ச் 6, ஞாயிறு

மறுபடி முதல் ஞாயிறு, மறுபடி அதே படம். லோட்டே அதைத் தன்னிடமே வைத்திருந்திருக்கிறார், ஸ்வீடனில் பல வருடங்கள். ஒரு சிறுமி நாயைக் காட்டி அப்பாவிடம் ஏதோ கேட்டாள். அவர் தூங்குகிறது என்றார். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

நாளைக் காலை எட்டு மணிக்கு எனக்கு விசா நீட்டிப்பு அலுவலகம். பாஸ்போர்ட், சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுக் கடிதம், எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். ஃபைலை ஒருமுறை சரிபார்த்துவிட்டேன். படுக்கும் முன் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.