டிக்கிக்குள் எரிந்த விளக்கு

இரண்டு நாள் எடுக்காமல் விட்டால் போதும், கார் கிளம்பாது. ஒரே மாதத்தில் மூன்று முறை. கிருஷ்ணகிரியில் பேட்டரி கடைக்காரர் உடனே புதிது போடச் சொன்னார். ஒன்றரை வயது பேட்டரியைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை.

பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் நிதானமாகப் பார்த்தார். வண்டி ஓடும்போது 14.2 வோல்ட், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் மேல் குற்றமில்லை. பிறகு நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, நடுவே மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைத்து, வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே இருக்கும் கணினிகள் அடங்க அவ்வளவு நேரமாகும். அவசரப்பட்டால் கணக்கு தப்பும். (அந்த நேரத்தில் சாவியைத் திருப்பவே கூடாது, மீட்டர் போய்விடும்.)

பூட்டி நிற்கும் வண்டி இழுக்கும் மின்சாரம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும், மீட்டர் 440 காட்டியது. மூன்று நாளில் 35 ஆம்பியர்-மணி பேட்டரியைக் கிட்டத்தட்ட காலி செய்ய இது போதும்.

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். உள்விளக்கு ஃப்யூஸை எடுத்ததும் 30க்கு இறங்கியது. டிக்கி விளக்கும் அதே ஃப்யூஸில்தான். அதைத் திரும்பப் போட்டு, கைப்பேசியில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடினேன். உள்ளே விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தது! மாங்காய்ப் பெட்டியிலிருந்து உதிர்ந்த வைக்கோல், பூட்டிலிருந்த சுவிட்சுக்குள் சிக்கியிருந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

அண்ணன் 200 ரூபாய்க்கு மேல் வாங்க மறுத்துவிட்டார்.