எலுமிச்சை ஓட்ஸ் பார்

கொல்லையில் எலுமிச்சை காய்த்துத் தள்ளுகிறது. ஊறுகாய் ஜாடி நிறைந்துவிட்டதால் இன்று ஓட்ஸ் பார். ஓட்ஸ், மைதா, நாட்டுச் சர்க்கரை, உருக்கிய வெண்ணெய் எல்லாம் பிசிறி, பாதியைத் தட்டில் அழுத்தினேன். நடுவில் ஒரு டின் மில்க்மெய்டும் அரை கப் எலுமிச்சைச் சாறும். அடுப்பே வேண்டாம், புளிப்பு பட்டதும் கலக்கக் கலக்கத் தானாகவே கெட்டியாகிறது! அதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு முறை செய்யலாம். தோலையும் கொஞ்சம் துருவிப் போட்டேன் (வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும், மேல்தோலோடு நிறுத்துங்கள்). மீதி உதிரியைத் தூவி, அவனில் 180 டிகிரியில் அரை மணி நேரம்.

வாசனை பொறுக்காமல் சுடச்சுட வெட்டினேன். பார் இல்லை, பொங்கல். சரி என்று ஸ்பூனால் வழித்தே சாப்பிட்டோம். மிச்சம் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. ராத்திரி வரை தாங்கினால் துண்டு போடுவேன்.