ராயபுரத்து வெயிலில் திராட்சை பன்

ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் ரொட்டிக் குறிப்பு எதை எடுத்தாலும் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும்: பாலைச் சூடாக்கி ஊற்றுங்கள், மாவைக் கதகதப்பான இடத்தில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். சித்திரை மாதம் ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ அப்படியே செய்தால் முக்கால் மணி நேரத்தில் மாவு பாத்திரத்தை விட்டு வழியும், கள் வாடை அடிக்கும். நம் ஊர் அடுக்களைக்கு அந்தக் குறிப்பைத் தலைகீழாகப் படிக்க வேண்டும்.

இங்கே சொல்வது செல்கிர்க் பேனக் என்ற திராட்சை ரொட்டியின் மாவு. (பெயர் பானகம் மாதிரி இருந்தாலும் சம்பந்தமில்லை.) ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லைப்பக்கம் இருக்கும் செல்கிர்க் ஊரில் 1859-இல் ராபி டக்ளஸ் என்ற பேக்கரிக்காரர் விற்க ஆரம்பித்தது. அங்கே கவிழ்த்த கிண்ணம் போல ஒரே பெரிய உருண்டையாகச் சுடுவார்கள். நம் வீட்டு ஓடிஜிக்கு (சின்ன மின்சார அவன்) சின்ன பன்களாகப் பிரிப்பதே நல்லது. பெரிய உருண்டை நடுவில் வேகுமுன் மேலே கருகிவிடும்.

பன்னிரண்டு பன்னுக்கு: மைதா 500 கிராம், சர்க்கரை 90, உப்பு இல்லாத வெண்ணெய் 100, உப்பு 8, பால் 270 மில்லி, உலர் திராட்சை 250 கிராம். இன்ஸ்டன்ட் ஈஸ்ட் கோடையில் 4 கிராம், மார்கழியில் 6 கிராம். அசல் குறிப்பில் வெண்ணெயோடு பன்றிக்கொழுப்பும் சேரும். இங்கே வெண்ணெய் மட்டும் போதும். முழுக்க நெய் போட்டால் பன் ஆறியதும் பொடிப்பொடியாக உதிரும்.

மாவுக்குச் செலவிடும் கவனத்தில் பாதியையாவது திராட்சைக்குக் கொடுங்கள், சுவையே அதில்தான். பொன்னிறமான, விதையில்லாத திராட்சை வேண்டும். சௌகார்பேட்டை மொத்தக் கடைகளில் எடை போட்டு வாங்கும்போது ஒன்றை நசுக்கிப் பாருங்கள். உள்ளே பிசுக்கென்று இருந்தால் சரி, நொறுங்கினால் பழசு. காம்பைக் கிள்ளி, கழுவி, வெந்நீரில் பத்து நிமிடம் ஊற வைத்து வடிகட்டுங்கள். துணியில் பரப்பி ஃபேனுக்கு அடியில் அரை மணி நேரம். ஊற வைக்காமல் போட்டால் திராட்சை மாவிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், மறுநாளே பன் வறண்டுபோகும். சரியாகத் துடைக்காமல் போட்டாலோ மாவு சொதசொதவென்று ஆகிவிடும். அப்போது கையில் ஒட்டுகிறது என்று மைதாவை அள்ளிப் போடுவோம், பன் கல்லாகும்.

பாலைக் காய்ச்சி, ஆற்றி, கோடையில் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரக் குளிர ஊற்றுங்கள். காய்ச்சாத பால் மாவின் இழுவையைக் கொஞ்சம் கெடுக்கும். 20 மில்லியை ஒதுக்கி வைத்துவிட்டு ஆரம்பிக்கவும், மாவு கேட்டால் மட்டும் சேருங்கள். கடற்காற்று அடிக்கும் தெருக்களில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், மைதா ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும்.

வெண்ணெய், திராட்சை இரண்டும் தவிர மற்றதை எட்டு நிமிடம் பிசைந்து, பிறகு வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேருங்கள். அது உருகி எண்ணெயாக மினுக்கக் கூடாது, அழுத்தினால் குழிவிழும் பதத்தில் இருக்க வேண்டும். இன்னும் பத்து நிமிடம் பிசையுங்கள். ஒரு துண்டை இரண்டு கையாலும் விரித்தால், கிழியாமல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெலிய வேண்டும். மாவு தொட்டால் சூடாக இருந்தால் பாத்திரத்தோடு பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தொடருங்கள்.

மூடி வைத்து இரட்டிப்பாக விடுங்கள். மே மாதம் 45 நிமிடம், டிசம்பரில் ஒன்றேகால் மணி. கடிகாரத்தை நம்பாமல் பாத்திரத்தைப் பாருங்கள். திராட்சையை இதற்குப் பிறகுதான் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டுப் பிசைந்தால் பழம் நசுங்கி, மாவு பழுப்பாகும், இழையும் அறுபடும்.

நூறு கிராம் உருண்டைகளாக உருட்டும்போது வெளியே எட்டிப் பார்க்கும் திராட்சைகளைப் பிடுங்கி அடிப்பக்கம் செருகி, மேல்தோலை இழுத்து மூடுங்கள். வெளியே நிற்கும் ஒவ்வொரு திராட்சையும் கரியாகிக் கசக்கும். ஸ்காட்லாந்தில் புத்தாண்டுக்குச் செய்யும் பிளாக் பன்னில் பழக்கலவையைச் சுற்றி மாவுறை போட்டிருப்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. அது பெயரில்தான் பன், ஈஸ்டே கிடையாது.

இரண்டாம் முறை பொங்க 30 நிமிடம், குளிர்காலத்தில் 50. விரலால் லேசாக அழுத்தினால் குழி மெதுவாகப் பாதி எழும்ப வேண்டும். எழும்பவே இல்லை என்றால் தாண்டிவிட்டது. அடுப்பில் சப்பையாகும், ஆறும்போது தோல் சுருங்கும்.

ஓடிஜியை 180 டிகிரியில் இருபது நிமிடம் சூடாக்கி, நடுத்தட்டில், மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய 20 முதல் 22 நிமிடம். பாலும் சர்க்கரையும் இருப்பதால் பன்னிரண்டாம் நிமிடமே சிவந்துவிடும். உடனே ஃபாயிலை மேலே போர்த்துங்கள், வெந்துவிட்டது என்று எடுத்துவிடாதீர்கள். அடியைத் தட்டினால் வெற்றுப் பாத்திரச் சத்தம் வர வேண்டும். குக்கரில் மணல் போட்டும் சுடலாம், வேகும், ஆனால் மேலே வெளுத்துத்தான் இருக்கும்.

இரண்டு ஸ்பூன் சூடான பாலில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்து, எடுத்த கையோடு பூசுங்கள்.

ஏலக்காய், பட்டை, டூட்டி ஃப்ரூட்டி எதுவும் வேண்டாம். அதைப் போட்டால் டீக்கடை பன்தான் வரும். அதுவும் நல்ல பன், ஆனால் வேறு பன்.

முழுக்க ஆறாமல் டப்பாவில் அடைத்தால் மேற்பூச்சு வியர்த்து ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் மூன்றாம் நாளே பூஞ்சை பிடிக்கும் என்பதால் அன்றைய தேவைக்கு மேல் இருப்பதை ஃப்ரீசரில் போடுங்கள். இரண்டாம் நாள் பன்னைக் குறுக்கே வெட்டி, தோசைக்கல்லில் வெட்டிய பக்கத்தை மட்டும் சுட்டு, வெண்ணெய் தடவினால் முதல் நாளைவிட நன்றாக இருக்கும்.