டென்னிஸ் உதவித்தொகை: எதில் எத்தனை சதவீதம்?

மகன் அமெரிக்காவில் டென்னிஸ் உதவித்தொகையில் படித்தான் என்று சொன்னால், கோவையில் எனக்குத் தவறாமல் கிடைக்கும் அடுத்த வாக்கியம், "அப்படியானால் உங்களுக்குக் காலணா செலவில்லை" என்பதுதான். நான்கு ஆண்டுகளில் எங்கள் கையைவிட்டுப் போனது ஏறத்தாழ 70 லட்சம் ரூபாய். உதவித்தொகை இல்லாமல் அதே கல்லூரியில் படித்திருந்தால் ஒன்றே முக்கால் கோடியைத் தொட்டிருக்கும். ஒரு கோடிக்கு மேல் மிச்சம் என்பது உண்மை. அது இலவசம் இல்லை என்பதும் உண்மை. வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால், இந்த இரண்டுக்கும் நடுவில் என்னென்ன நடந்தது என்பதைத் தொகைகளோடு எழுதுகிறேன். கல்லூரியின் பெயரைத் தவிர்க்கிறேன்.

டென்னிஸ் பெற்றோர்கள் கூடும் இடத்தில் எப்போதும் சில பெயர்கள் அடிபடும். மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு ஆடி 1995இல் கல்லூரி இரட்டையர் பட்டம் வென்ற மகேஷ் பூபதி. வர்ஜீனியாவுக்காக 2007, 2008 என அடுத்தடுத்து ஒற்றையர் பட்டம் வென்ற சோம்தேவ். அண்மையில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய நம் மதுரைப் பையன் தட்சிணேஸ்வர் சுரேஷ். அணியின் முன்வரிசையில் ஆடுகிறவர்களின் கதைகள் இவை. கல்லூரி அணிப் போட்டியில் திறமை வரிசைப்படி ஆறு ஒற்றையர் ஆட்டங்கள் உண்டு. என் மகன் ஐந்தாவது இடத்தில் ஆடினான். ஐந்தாம் இடத்துக்காரனின் கதையை யாரும் சொல்வதில்லை.

அவன் 2021 ஆகஸ்டில் சேர்ந்தான். அப்போது, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் ஆண்கள் டென்னிஸ் அணி ஒன்றுக்கு மொத்தமே 4.5 முழு உதவித்தொகைதான். அதை எட்டு, ஒன்பது பேருக்குப் பயிற்சியாளர் பங்கிட்டுக் கொடுப்பார். பெண்கள் அணிக்கு எட்டு பேருக்கு எட்டு முழு உதவித்தொகை. அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றே 85 உதவித்தொகைகளை எடுத்துக்கொள்ள, ஆண் பெண் சமநிலைச் சட்டத்துக்கு ஈடுகட்ட ஆண்களின் சிறிய விளையாட்டுகளில் கை வைத்துவிட்டார்கள். ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகளும் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடத் தருவதில்லை. அமெரிக்கப் பள்ளி விளையாட்டு வீரர்களில் ஏதோ ஒரு அளவாவது உதவித்தொகை பெறுபவர்கள் ஏறத்தாழ 2 சதவீதம்தான் என்று என்.சி.ஏ.ஏ.வே சொல்கிறது. இவ்வளவும் பொதுவெளியில் இருக்கும் தகவல். அகாடமிகளின் விளம்பரத் தட்டிகளில்தான் இதற்கு இடம் இருப்பதில்லை.

சென்னையில் ஓர் ஆலோசகர், மூன்று லட்சம் முன்பணம், கிடைக்கும் உதவித்தொகையில் 5 சதவீதம் என்றார். அந்த 5 சதவீதம் என்ற சொல்லோடு நான் எழுந்துவிட்டேன். உதவித்தொகையின் அளவைப் பொறுத்துக் கட்டணம் வாங்குபவரை வைத்துக்கொண்டால் மாணவனின் தகுதியே கேள்விக்குள்ளாகும் என்று என்.சி.ஏ.ஏ. விதி சொல்கிறது. மகனே ஆட்டத்தைக் காணொளியாக எடுத்து, ஆட்டக்காரரின் தரத்தைக் காட்டும் தன் யு.டி.ஆர். எண்ணோடு பயிற்சியாளர்களுக்கு அனுப்பினான். பலர் பதில் போடவில்லை. பதில் போட்டவர்கள் முதலில் பார்த்தது யு.டி.ஆர். எண்ணை, அடுத்து பள்ளி மதிப்பெண்ணை, காணொளியைக் கடைசியில்.

ஆடத் தகுதி உண்டா என்று பார்க்கும் என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் பதிவுசெய்வது தனிப் பாடு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு ஆண்டு மதிப்பெண்கள் வேண்டும். பள்ளி அலுவலகத்தில் போய்க் கேட்டபோது, "ஒன்பதாம் வகுப்பு மார்க்கை இந்த உலகத்தில் யார் மேடம் கேட்பார்கள்?" என்றார் அங்கிருந்த அம்மா. பழைய பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்து, பள்ளியின் கடிதத்தாளில் தட்டச்சு செய்து, முத்திரை வைத்துக் கொடுக்க வைத்தேன். அந்த ஆண்டு கொரோனாவால் தமிழ்நாட்டில் பிளஸ் டூ பொதுத்தேர்வே ரத்து. ஜூலை 19ஆம் தேதிதான் மதிப்பெண் வந்தது. தேர்வே எழுதாமல் எப்படி மதிப்பெண் என்று அங்கே கேட்டவர்களுக்கு அரசாணையை இணைத்து அனுப்ப வேண்டியிருந்தது. அடுத்தது, பணத்துக்கு ஆடும் தொழில்முறை வீரன் இல்லை என்று காட்டும் அமெச்சூர் கேள்வித்தாள்: எந்தெந்தப் போட்டியில் எவ்வளவு பரிசுப் பணம், யார் ராக்கெட் கொடுத்தார்கள், பயணச் செலவு யாருடையது. கல்லூரியில் சேருமுன் டென்னிஸில் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை பரிசுப் பணம் வாங்க அப்போது அனுமதி இருந்ததால் எங்களுக்குச் சிக்கல் இல்லை. அவன் வென்றதெல்லாம் ரயில் டிக்கெட்டுக்கே போதாது.

இனி அந்தச் சதவீதத்துக்கு வருகிறேன். பயிற்சியாளர் வாட்ஸ்அப்பில் அழைத்து, "ஐம்பது சதவீதம் தருகிறேன்" என்றார். மகன் துள்ளிக் குதித்தான். எதில் ஐம்பது என்று கேட்கச் சொன்னேன். கல்விக் கட்டணத்தில் மட்டும் பாதியா, தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்தா, புத்தகமும் பயணமும் அடங்கிய மொத்தச் செலவிலா? மூன்றுக்கும் நடுவே ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் வித்தியாசம். வாய்ச்சொல்லுக்கு யாரும் கட்டுப்பட்டவர்கள் இல்லை. கையெழுத்தான உதவித்தொகை ஒப்பந்தம்தான் கணக்கு. அதில் வந்தது இது: கல்விக் கட்டணம் 36,000 டாலரில் பாதி 18,000, விடுதியும் உணவும் 12,000 டாலரில் பாதி 6,000. மருத்துவக் காப்பீடு, புத்தகம், விமானம், கைச்செலவு என்று ஆண்டுக்கு 6,000 டாலர் முழுக்க எங்கள் பொறுப்பு. காலம்: ஓர் ஆண்டு. நான்கு ஆண்டுக்கு எழுதித் தர விதியில் இடம் 2012 முதலே இருக்கிறது. கேட்டோம், அவர் தரவில்லை.

எங்களைக் காப்பாற்றியது ராக்கெட் அல்ல, மதிப்பெண். கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வையும் பள்ளி மதிப்பெண்ணையும் வைத்துக் கல்லூரி தனியாக 12,000 டாலர் கொடுத்தது. படிப்புக்காகத் தரப்படும் இந்தத் தொகை அந்த 4.5 கணக்கில் சேராது. அதனால் நன்றாகப் படிக்கும் பையன் பயிற்சியாளருக்கு மலிவாகக் கிடைக்கிறான். மாலையில் கூடுதலாக ஒரு மணி நேரம் சர்வீஸ் அடிக்க வைக்கும் அகாடமிகள், அந்த ஒரு மணி நேரத்தைக் கணக்குப் பாடத்துக்கு விட்டால் வரும் டாலரை ஒருநாள் உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்க்கலாம்.

மீதி 18,000 டாலருக்குக் கல்விக் கடன். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்துப் பிணையம் வேண்டும் என்று நான் எத்தனையோ பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த முறை பத்திரத்தை எடுத்துக்கொண்டு மேசையின் மறுபக்கம் உட்கார்ந்தேன். மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் வர, அந்த 18,000க்கும் பணம் இருக்கிறது என்று முதலிலேயே காட்ட வேண்டும். அதற்குப் பிறகு வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், விசாக் கட்டணம் தனி.

முதல் பருவத்துக் கட்டணச் சீட்டில் 420 டாலர் என்று புரியாத ஒரு வரி இருந்தது. வரி! கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகத்துக்கும் போகும் உதவித்தொகைக்கு அமெரிக்காவில் வருமான வரி இல்லை. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போவது வருமானம். மாணவர் விசாவில் இருக்கும் வெளிநாட்டவரிடம் அதில் 14 சதவீதத்தைக் கல்லூரியே பிடித்துக் கட்டிவிடும். பருவத்துக்கு 3,000 டாலர், அதில் 14 சதவீதம். இந்திய மாணவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21ஆவது பிரிவின்படி, அமெரிக்கர்களைப் போலவே நிலையான கழிவை நாமும் எடுத்துக்கொள்ளலாம். 2021க்கு அது 12,550 டாலர். வெளிநாட்டவருக்கான வருமான வரிக் கணக்கான 1040-என்.ஆர். படிவம் போட்டதும் பிடித்தது முழுவதும் திரும்பி வந்தது. ஆனால் வரும்வரை அது நம் கையில் இல்லை. இரண்டாம் ஆண்டு தொடங்குமுன் உதவித்தொகை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதச் சொன்னேன்: விளையாட்டு உதவித்தொகையின் 24,000 டாலரையும் கல்விக் கட்டணத்திலேயே வைத்துவிடுங்கள், படிப்பு உதவித்தொகை 12,000 சேர்ந்தால் 36,000 சரியாக நிரம்பும், விடுதிக்கு நாங்களே கட்டிக்கொள்கிறோம். ஒரே நாளில் மாற்றிவிட்டார்கள். எங்கள் செலவு ஒரு பைசா கூடவில்லை, பிடித்தமும் நின்றது. இதைப் படிக்கும் இந்தியப் பெற்றோர் யாராவது இருந்தால் இந்த ஒரு பத்தியையாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தில் கட்டாததை அவன் உடம்பிலும் நேரத்திலும் கட்டினான். விதிப்படி வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி நேரம் என்று உச்சவரம்பு உண்டு. போட்டி நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி நேரம் என்றே எழுதுவார்கள். பயணம் கணக்கில் வராது. காயத்துக்கான சிகிச்சையும் வராது. வெள்ளிக்கிழமை விடியலில் கிளம்பி ஒன்பது மணி நேரம் வேனில் போய், சனியும் ஞாயிறும் ஆடிவிட்டுத் திங்கள் அதிகாலை திரும்பினால், தாளில் அது ஆறு மணி நேர உழைப்பு. ஒருமுறை காணொளி அழைப்பில் அவனைப் பார்த்தபோது ஏதோ ஓட்டலின் வரவேற்பறையில், காபி இயந்திரத்துக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தான். முழங்காலில் ஐஸ் பை. எதிரே உதவிப் பயிற்சியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தேர்வு தொடங்கப் போகிறது அம்மா, அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிட்டான். அங்கே அது சாதாரணமாம். பயணத்தில் இருப்பவர்களுக்குத் தேர்வுத்தாளும் கூடவே பயணம் செய்யும்.

அவன் சேர ஆசைப்பட்டது இயந்திரப் பொறியியல். ஆய்வக வகுப்புகள் மதியம் இரண்டிலிருந்து ஐந்து, பயிற்சியும் அதே நேரம். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. "உன் அட்டவணைக்குப் புள்ளியியல் பொருந்தும்" என்று கல்லூரியின் பாட ஆலோசகர் இதமாகச் சொன்னார். பிறகு மனம் மாறித் திரும்பவும் முடியாது. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டத்துக்கு வேண்டிய பாடங்களில் 40 சதவீதமும், நான்காம் ஆண்டில் 60 சதவீதமும் முடித்திருந்தால்தான் ஆடத் தகுதி. இடையில் துறை மாறினால் அந்த எண்ணிக்கை சரிந்துவிடும். புள்ளியியல் அவனுக்குப் பிடித்துப்போனது அதிர்ஷ்டம்.

இரண்டாம் ஆண்டு வசந்தத்தில் மணிக்கட்டில் காயம். காயத்தைக் காட்டி ஆண்டின் நடுவில் உதவித்தொகையைக் குறைக்கக் கூடாது என்று விதி இருப்பதால் அந்த ஆண்டு தப்பியது. மே மாதம் பயிற்சியாளர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் தனக்கு வேண்டியவர்களை ஐரோப்பாவிலிருந்து கூட்டிவந்தார். அடுத்த ஆண்டு உதவித்தொகை பற்றி ஜூலை 1ஆம் தேதிக்குள் சொல்லியாக வேண்டும். ஜூன் கடைசி வாரம் கடிதம் வந்தது: 24,000 டாலர் 14,000 ஆகிறது. காரணம் என்று எதுவும் இல்லை. மேல்முறையீட்டுக்கு உரிமை உண்டு, அதை விசாரிப்பது விளையாட்டுத் துறை அல்ல, கல்லூரியின் பொது உதவித்தொகைக் குழு. கோவையில் நள்ளிரவு தாண்டி நானும் இணையத்தில் அமர்ந்து கேட்டேன். மரியாதையாகப் பேசினார்கள், பொறுமையாகக் கேட்டார்கள், பயிற்சியாளரின் முடிவே சரி என்றார்கள். பெரிய ஐந்து லீக்குகளில் இருந்த கல்லூரிகள் 2015லிருந்தே ஆட்டத்தைக் காரணம் காட்டிக் குறைக்க முடியாது. மற்ற முதல் பிரிவுக் கல்லூரிகளுக்கு அப்படியொரு பாதுகாப்பு 2024 ஆகஸ்டில்தான் வந்தது. எங்களுக்கு ஓர் ஆண்டு தாமதம்.

வேறு கல்லூரிக்கு மாறலாமா என்று யோசித்தோம். பாடங்கள் முழுவதும் அங்கே செல்லுபடியாகாது என்று தெரிந்ததும் விட்டுவிட்டோம். விடுதியை விட்டு மூன்று பேராக வெளியே வீடு எடுத்தார்கள், சமையல் கற்றுக்கொண்டான், கணக்குப் பாடத்துக்குத் துணை ஆசிரியராக வளாகத்துக்குள் வேலை பார்த்தான். அவனுடன் ஆடிய அமெரிக்கப் பையன்கள் உள்ளூர் ராக்கெட் கடைக்கு இன்ஸ்டாகிராமில் படம் போட்டுக் காசு பார்த்தார்கள். 2021 ஜூலையிலிருந்து அது அனுமதிக்கப்பட்டதுதான். மாணவர் விசாவில் இருப்பவன் அதைத் தொட்டால் விசாவுக்கே ஆபத்து என்பதால் இவன் வேடிக்கை பார்த்தான்.

2025 மே மாதம் பட்டம் வாங்கினான். அடுத்த மாதமே, ஜூன் 6ஆம் தேதி, கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கில் சமரசம் நீதிமன்ற ஒப்புதல் பெற்று விதிகள் தலைகீழாகின. சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில் 4.5 என்ற வரம்பு இல்லை. அணிக்கு 10 பேர், பத்துப் பேருக்கும் முழுதாகவே கொடுக்கலாம். கொடுக்கலாம் என்பதற்கும் கொடுப்பார்கள் என்பதற்கும் உள்ள தூரம் பெரிது. கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பங்கிடும் பணம் பெரும்பாலும் அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. சில கல்லூரிகள் டென்னிஸ் அணியையே கலைத்துவிட்டன.

சென்ற மாதம் அகாடமியில் ஒரு தாய் தன் மகளுக்கு வந்த வாய்ப்பைக் காட்டினார். "பயிற்சியாளர் எண்பது சதவீதம் என்கிறார் அக்கா, சம்மதிக்கட்டுமா?" என்றார். எண்பது எதில், எத்தனை ஆண்டுக்கு எழுதித் தருவீர்கள், கோடை விடுமுறையில் விடுதியும் சாப்பாடும் யார் பொறுப்பு, காயம் பட்டால் காப்பீட்டில் எங்கள் பங்கு எவ்வளவு, இப்போதைய அணியில் நான்கு ஆண்டும் இருந்து பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று எழுதிக் கொடுத்தேன். நான்குக்குப் பதில் வந்துவிட்டது. கடைசிக் கேள்விக்கு மட்டும், உங்கள் மகளை அணியில் பார்க்க ஆவலாக இருக்கிறோம் என்று எழுதியிருக்கிறார். மறுபடியும் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.