மூக்கைப் பார்த்த டாக்டரும் என் இன்ச் டேப்பும்

முதல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஹெச்எஸ்-சிஆர்பி 11.4 என்று இருந்தது. உடம்புக்குள் அழற்சி (இன்ஃப்ளமேஷன்) எவ்வளவு என்று காட்டும் அளவு அது. 3-ஐத் தாண்டினாலே இதய நோய் அபாயம் கூடுதல் என்று பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள். அன்று இரவு தூக்கம் போச்சு. மறுநாள் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் என் மூக்கைத்தான் பார்த்தார். “சளியா?” ஒரு வாரமாக, என்றேன். காகிதத்தை மடித்து என்னிடமே நீட்டிவிட்டார். 10-க்கு மேல் போனால் பெரும்பாலும் தொற்றோ காயமோ காரணமாக இருக்குமாம். அது அடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்து எடுத்தால்தான் அடியில் கிடக்கும் அளவு தெரியும்.

மூன்று வாரம் கழித்து 5.8 வந்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, புண் இல்லை. அப்படியானால் இந்த அழற்சி எங்கிருந்து வருகிறது?

“வயிற்றிலிருந்து” என்றார்.

நான் அவரிடம் போனதே காலையில் விரல்களை மடக்க முடியவில்லை என்றுதான். அப்போது எடை 94 கிலோ. முழங்கால் வலித்தால் பாரம் தாங்கவில்லை என்று சொல்லலாம். விரலுக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அதேதான் விஷயம் என்றார். உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கை மூட்டுத் தேய்மானமும் கூடுதலாக வருகிறது. யாரும் கையால் நடப்பதில்லையே. பாரம் மட்டும் காரணமென்றால் இது ஏன் வர வேண்டும்?

கொழுப்பு என்றால் சும்மா கிடக்கும் மூட்டை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது ஓயாமல் வேலை செய்கிறது. கொழுப்பு செல்கள் அளவுக்கு மீறி உப்பும்போது ரத்த ஓட்டம் போதாமல் சில செத்துப்போகின்றன. அவற்றைத் தின்று தீர்க்க மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் வந்து, செத்த செல்லைச் சுற்றி வளையமாக உட்காருகின்றன. காயம் என்றால் ஆறியதும் கலைந்துவிடும். இங்கே வேலை தீர்வதே இல்லை, கூட்டமும் கலைவதில்லை. குண்டான எலிகளின் கொழுப்பிலிருந்து டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருள் வெளிவருவதையும், அது இன்சுலின் வேலையைக் கெடுப்பதையும் 1993-லேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். கொழுப்பு விடும் இன்டர்லூகின்-6 என்ற இன்னொரு அழற்சிப் பொருள் கல்லீரலைத் தூண்டி சிஆர்பியைத் தயாரிக்க வைக்கிறது. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பின் ரத்தம் நேராகக் கல்லீரலுக்கே போவதால் தொடைக் கொழுப்பைவிடத் தொப்பைக் கொழுப்பு மோசம்.

மாத்திரை கேட்டேன். எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்று சொல்லி, ஒரு இன்ச் டேப் வாங்கச் சொன்னார்.

பேண்ட் சைஸ் 36 தானே என்ற தெம்பில் இருந்தேன். பேண்ட் நிற்பது தொப்பைக்குக் கீழே என்பது டேப் சுற்றியபோதுதான் உறைத்தது. கடைசி விலா எலும்பைத் தடவிப் பார்த்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் தடவிப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டுவிட்டு அளக்க வேண்டும். முதல் தடவை என்னை அறியாமல் வயிற்றை எக்கிக்கொண்டேன். எக்காமல் அளந்தால் 108 செ.மீ.

அப்புறம் நடந்ததில் சுவாரசியம் ஒன்றுமில்லை. தினம் 45 நிமிட நடை, இனிப்பு பானங்களுக்கு முழுக்கு, நேரத்தோடு இரவுச் சாப்பாடு, கூடுமானவரை ஏழு மணி நேரத் தூக்கம். ‘அழற்சி நீக்கும்’ பொடி ஒன்றை நண்பர் தந்தார். டப்பா பிரிக்காமல் இருக்கிறது.

மூன்றாவது மாதம் எடை இரண்டே கிலோதான் குறைந்திருந்தது. விட்டுவிடலாமா என்று இருந்தது. ஆனால் டேப்பில் 5 செ.மீ. இறங்கியிருந்தது. உடற்பயிற்சி செய்தால் எடை அசையாதபோதும் உள்ளுறுப்புக் கொழுப்பு கரையும் என்று டாக்டர் சொன்ன பிறகு எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஆறாவது மாதம் சிஆர்பி 3.6.

ஒன்பதாவது மாதம் திடீரென்று 6.2. இடுப்போ இன்னும் குறைந்திருந்தது. டாக்டர் இந்த முறை வாயைத் திறக்கச் சொன்னார். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஈறு நோயும் சிஆர்பியை ஏற்றுமாம். பல் டாக்டரிடம் இரண்டு தடவை சுத்தம் செய்ததும் அது தணிந்தது. இந்தச் சோதனை நெருப்பு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், எந்த அறையில் என்று சொல்லாது. இதை முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

பதினான்காவது மாதம் 83 கிலோ, 97 செ.மீ., சிஆர்பி 1.9. விரல்கள் பரவாயில்லை. சரியாகத் தூங்காத நாட்களில் காலையில் இன்னும் கொஞ்சம் முரண்டு பிடிக்கின்றன. டேப்பின் முனைத் தகடு கழன்றுவிட்டது, அதனால் 1 என்ற கோட்டிலிருந்து அளந்து ஒன்றைக் கழித்துக்கொள்கிறேன். கழிக்க மறந்து 98 என்று பார்த்துப் பதறிய நாளும் உண்டு.